வெப்பம் இறைக்கும் ஏற்றம்



சித்திரை முற்றிக் கத்திரி வெயில் தொடங்கிவிட்டால், மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான். "இந்த ஆண்டாவது ஓர் ஏ.ஸி. போட்டுவிட வேண்டும்" என்பதே அப்பேச்சு. ஒரு காலத்தில் செல்வர் மாளிகைகளிலும் திரைப்படக் கொட்டகைகளிலும் மட்டுமே இருந்த அச்சாதனம், இன்று நடுத்தரக் குடும்பத்தார் தவணை கட்டி வாங்கும் பொருளாகிவிட்டது. இதனை வெறும் ஆடம்பரம் என்று நான் பழிக்க மாட்டேன். 2003ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் நுங்கம்பாக்கத்தில் வெப்பமானி 45 டிகிரி செல்சியஸ் காட்டியது. அத்தகைய நாள்களில் முதியோர்க்கும் நோயாளிகளுக்கும் ஒரு குளிர்ந்த அறை என்பது உயிர் காக்கும் மருந்துக்கு நிகராகும்.

என் கவலை வேறு. பாண்டி பஜாரில் ஒரு புடைவை வாங்குவதற்குப் பத்துக் கடை ஏறி இறங்குகிறோம். துணியைத் தடவிப் பார்க்கிறோம். சாயம் போகுமா என்று கேட்கிறோம். பத்தாண்டு வீட்டிலிருந்து மாதந்தோறும் மின்சாரக் கட்டணம் வாங்கப்போகும் இயந்திரத்தையோ பத்து நிமிடத்தில் வாங்கி வந்துவிடுகிறோம். அஃது என்ன செய்கிறது, நம் வீட்டுக்கு எவ்வளவு தேவை, எங்கே வைப்பது என்ற கேள்விகளெல்லாம் சுவரில் துளை போட்ட பிறகே பிறக்கின்றன. அக்கேள்விகளை வாங்குவதற்கு முன் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு நீங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் பௌதிகமே போதும் என்று காட்டுவதுதான் இப்பேச்சின் நோக்கம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்வோம். ஏ.ஸி. இயந்திரம் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. குளிர்ச்சி என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. வெப்பம் குறைந்த நிலையையே குளிர்ச்சி என்கிறோம். அறைக்குள் இருக்கும் வெப்பத்தை வாரி வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது ஒன்றே அவ்வியந்திரத்தின் தொழில். ஆகையால் பொறியியலார் இதனை வெப்பப் பம்பு என்ற இனத்தில் சேர்ப்பர்.

நம் நாட்டுக் கிணற்றங்கரைகளில் முன்பு இருந்த ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தானாக மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு வர வேண்டுமானால் ஒருவன் ஏற்றம் மிதிக்க வேண்டும். வெப்பமும் அப்படியே. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத் தானே பாயும். குளிர்ந்த அறையிலிருந்து வெயில் காயும் தெருவுக்கு அதனை ஏற்ற வேண்டுமானால் உழைப்புச் செலவாகும். அந்த உழைப்புத்தான் நாம் கட்டும் மின்சாரக் கட்டணம். நீர் வீழ்ச்சிக்கும் வெப்பத்தின் வீழ்ச்சிக்கும் உள்ள இவ்வொப்புமையை 1824ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு நாட்டு அறிஞர் சாதி கார்னோ எடுத்துக் காட்டினார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்ற வில்லியம் தாம்சன், ஒரே வகைப் பொறியைக் கொண்டு கட்டடங்களைக் குளிர வைக்கவும் சூடேற்றவும் இயலும் என்று 1852இல் எழுதினார். சுவிட்சர்லாந்தில் ஜூரிச் நகரமன்றக் கட்டடத்தில், அருகே ஓடும் லிம்மாத் ஆற்று நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக் கூடங்களைச் சூடாக்கும் வெப்பப் பம்பு 1938இல் இயங்கத் தொடங்கிற்று. ஆற்று நீர் நமக்குக் குளிர்ந்ததாகத் தோன்றினும் அதிலும் வெப்பம் உண்டு. அதனை இறைத்துக்கொள்ளலாம் என்பதே அதன் தத்துவம்.

சரி, வெப்பத்தை எப்படி இறைப்பது? இதற்கு இரண்டு சிறு அனுபவங்களை நினைவூட்டுகிறேன். மண்பானையில் வைத்த தண்ணீர் குளிர்ந்திருப்பது ஏன்? பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைப் பறித்துக்கொண்டு போகிறது. மிதிவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவது ஏன்? அமுக்கப்பட்ட காற்றுச் சூடாகிறது. இவ்விரண்டையும் ஒரே குழாய்ச் சுற்றில் சேர்த்தால் அதுவே ஏ.ஸி. அறைக்குள் இருக்கும் குழாயில் ஒரு திரவம் ஆவியாகி அறையின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரஸர் என்று கடைத்தெருவில் வழங்கும் அமுக்குப்பொறி அந்த ஆவியை நெருக்கிச் சூடேற்றி வெளிப்புறக் குழாய்க்கு அனுப்புகிறது. அங்கே அது தன் வெப்பத்தைத் தெருக்காற்றுக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகிறது. பின்னர் ஒரு குறுகிய வழியாகப் பாய்ந்து அழுத்தம் தளர்ந்து குளிர்ந்து, பழையபடி அறைக்குள் வருகிறது. ஏற்றத்துச் சால் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் போய்வருவதைப் போல, இத்திரவமும் உள்ளேயும் வெளியேயுமாக ஓயாமல் போய்வருகிறது.

இதிலிருந்து ஒரு கணக்குப் பிறக்கிறது. மணிக்கு 1 யூனிட் மின்சாரம் கொள்ளும் பொறி, அறையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை யூனிட் அளவுள்ள வெப்பத்தை வெளியேற்றும். இஃது ஆற்றல் அழியாமை விதிக்கு மாறானது அன்று. பொறி வெப்பத்தை உண்டாக்கவில்லை, இடம் மாற்றுகிறது. ஆனால் வெளியே கொட்டப்படுவது மூன்றரை யூனிட் மட்டும் அன்று. ஏற்றம் மிதித்த உழைப்பும் வெப்பமாகி அதனுடன் சேர்ந்து நாலரை யூனிட்டாகத் தெருவில் விழுகிறது. இந்த நாலரையை மறவாதீர்கள். பின்னர் அதற்கு வேலை இருக்கிறது.

இனிக் கடைக்குப் போவோம். கடைக்காரர் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை டன் வேண்டும்?" என்பது. இயந்திரத்தின் எடையைத்தான் கேட்கிறார் என்று எண்ணுவோர் இன்றும் உளர். இந்த 'டன்' என்ற அளவின் வரலாறு நம் சென்னைக் கடற்கரையோடு நெருங்கிய உறவுடையது.

காமராசர் சாலையில் உள்ள நம் வானொலி நிலையத்திலிருந்து வடக்கே சற்று நடந்தால், கடற்கரையை நோக்கி வட்ட முகப்புடன் நிற்கும் ஒரு கட்டடத்தைக் காணலாம். இன்று அது விவேகானந்தர் இல்லம். 1897ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கிய இடம் அது. ஆயினும் அவ்வட்டாரத்து மக்கள் நாவில் இன்றும் அது ஐஸ் ஹவுஸ்தான். அமெரிக்காவில் பாஸ்டன் நகரைச் சேர்ந்த பிரடெரிக் டூடர் என்ற வணிகரின் நிறுவனம், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பி வந்தது. 1833இல் கல்கத்தாவுக்கு வந்த முதற் கப்பலில் ஏற்றியது 180 டன். வழியில் உருகியது போக வந்து சேர்ந்தது ஏறத்தாழ 100 டன். சென்னைக்கு வரும் பனிக்கட்டியைச் சேமித்து வைக்கவே 1842இல் இக்கட்டடம் எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொறிகளைக் கொண்டே பனிக்கட்டி செய்யும் முறை இந்தியாவுக்கு வந்ததும் இந்தக் கப்பல் வாணிகம் ஒழிந்தது.

பனிக்கட்டியால் குளிர வைத்துப் பழகிய உலகம், புதிய பொறிகளின் திறனையும் பனிக்கட்டியைக் கொண்டே அளந்தது. அமெரிக்க டன் ஒன்று 2,000 இராத்தல். அதாவது ஏறத்தாழ 907 கிலோகிராம். அவ்வளவு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது சுற்றுப்புறத்திலிருந்து எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த வேகமே ஒரு டன் எனப்பட்டது. இக்கால அளவில் அது சுமார் 3,500 வாட். கல்லூரி மாணவர்கள் பனிக்கட்டியின் உருகல் மறைவெப்பத்தைக் கொண்டு இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். விடை சரியாக வரும். ஆகவே உங்கள் வீட்டில் ஒரு டன் ஏ.ஸி. ஓர் இரவும் பகலும் முழுத் திறனுடன் ஓடுமானால், தொள்ளாயிரம் கிலோ பனிக்கட்டியை அறையில் அடுக்கி உருகவிட்டதற்கு ஒப்பாகும். எவ்வளவு பெரிய வேலையை நாம் எவ்வளவு எளிதாக ஏவுகிறோம் என்பது இதனால் விளங்கும்.

"எத்தனை டன்?" என்ற கேள்விக்கு வழக்கமாக அறையின் சதுர அடியைக் கேட்டு விடை சொல்லிவிடுகிறார்கள். நூறு நூற்றிருபது சதுர அடிக்கு ஒரு டன், அதற்கு மேல் ஒன்றரை டன் என்பது கடைத்தெரு வாய்பாடு. ஆனால் அந்த அறை மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ளதா, மேற்குப் பார்த்த ஜன்னல் உண்டா, அங்கே எத்தனை பேர் உறங்குகிறார்கள் என்பனவற்றை அவ்வாய்பாடு கேட்பதில்லை. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தளத்தின்மேல் விழும் ஆற்றல் ஏறத்தாழ 1,000 வாட். பன்னிரண்டு சதுர மீட்டர் உள்ள சிறிய அறையின் கூரைமேல் 12,000 வாட் விழுகிறது. அதில் ஒரு பகுதியே உள்ளே இறங்கினும் போதும், காங்கிரீட் தளம் நள்ளிரவு வரையில் அடுப்பாகக் காய்கிறது. சும்மா அமர்ந்திருக்கும் ஒரு மனிதரும் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் விடுகிறார். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்த பின்பே டன்னைத் தீர்மானிக்க வேண்டும்.

"எதற்கு வம்பு? பெரியதாகவே வாங்கிவிடலாமே" என்று நினைப்பாரும் உண்டு. அடையாற்றில் எனக்குத் தெரிந்த ஒருவர் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு இரண்டு டன் பொறியை வாங்கி மாட்டினார். அறை ஐந்து நிமிடத்தில் சில்லிட்டது; உடனே பொறி நின்றது; சிறிது நேரத்தில் மீண்டும் ஓடிற்று. ஆனால் படுக்கை ஈரமாகவே இருப்பதாகத் தோன்றிற்று. அலமாரியில் இருந்த புத்தகங்களில் பூஞ்சணம் பூத்தது. காரணம் என்ன? சென்னையின் துன்பம் வெப்பம் மட்டும் அன்று. கடலோரத்து ஈரப்பதமும் சேர்ந்ததே நம் புழுக்கம். ஏ.ஸி.யின் குளிர்ந்த குழாயில் காற்றின் ஈரம் வியர்த்து நீராகி வடிய வேண்டும். அதற்குப் பொறி நிதானமாக நெடுநேரம் ஓட வேண்டும். பெரும் பொறியோ ஈரம் வடியுமுன் காற்றைக் குளிரவைத்துவிட்டு நின்றுவிடுகிறது.

ஈரத்தை நீக்குவதும் சிறு வேலை அன்று. ஒரு லிட்டர் நீர் அக்குழாயில் வடிய வேண்டுமானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை நீக்க வேண்டும். ஒரு டன் பொறி ஒரு மணி நேரத்தில் செய்யும் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு அது. வடிகுழாயின் கீழே ஒரு வாளியை வைத்துப் பாருங்கள். உங்கள் பொறி எவ்வளவு உழைக்கிறது என்பதை அந்த நீர் சொல்லும். இன்றைய ஏ.ஸி.க்கு முன்னோடியாகிய சாதனத்தை வில்லிஸ் கேரியர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1902இல் அமைத்ததும் மனிதர் சுகத்துக்காக அன்று; புரூக்ளின் நகரத்து அச்சகம் ஒன்றில் ஈரத்தால் காகிதம் விரிந்து வண்ணங்கள் இடம் பிறழ்ந்ததைத் தடுப்பதற்காகவே. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது நம் பழமொழி. டன்னுக்கும் அது பொருந்தும். இன்று இன்வர்ட்டர் என்ற வகைப் பொறிகள் தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடுகின்றன. அவை இக்குறையைப் பெரிதும் தணிக்கும். ஆயினும் அளவுக்கு மிஞ்சிய பொறியை அவையும் நியாயப்படுத்தா.

கிணற்றில் ஊற்றுப் பெருகிக்கொண்டே இருக்கையில் ஏற்றத்தை மட்டும் வலுப்படுத்துவது அறிவுடைமை ஆகாது. முதலில் ஊற்றை அடைக்க வேண்டும். மந்தைவெளியில் ஒரு கல்லூரி மாணவியின் வீடு இதற்கு நல்ல சான்று. அவள் பாட்டிக்கு மூச்சுத் தொல்லை. கோடை இரவுகளில் உறக்கமே இல்லை. தந்தை ஒன்றரை டன் பொறி வாங்கப் பணம் சேர்த்து வைத்திருந்தார். அப்பெண் ஒரு வெப்பமானியைப் பாட்டியின் அறையில் தொங்கவிட்டு ஒரு வாரம் மூன்று வேளையும் குறித்து வந்தாள். பகலைவிட இரவு எட்டு மணிக்கே தளம் மிகுதியாகச் சுடுகிறது என்பதைக் கண்டாள். "அப்பா, முதலில் மாடியைக் கவனிப்போம், மிஷினைப் பிறகு வாங்கலாம்" என்றாள். தந்தையார் மொட்டைமாடிக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சுப் பூசச் செய்தார். மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினார். உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டி கட்டுவது மேல். வெயில் கண்ணாடியைக் கடந்தபின் தடுப்பதில் பயன் குறைவு. அறையின் வெப்பம் மூன்று டிகிரி தணிந்தது. பின்னர் வாங்கியது ஒரு டன் பொறியே, அதுவே போதுமானதாயிற்று. பாட்டி உறங்கினார், மிச்சமான பணம் பெண்ணின் புத்தகங்களுக்கு ஆயிற்று.

நம் பழைய வீடுகளில் இவ்வறிவு கட்டடத்திலேயே கலந்திருந்தது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த தளமும், அதன்மேல் பதித்த தட்டோடும், தாழ்வாரமும், முற்றமும், ஜன்னலில் தொங்கி நீர் தெளிக்கப்பட்ட வெட்டிவேர்த் தட்டியும் ஊற்றை அடைக்கும் உபாயங்களே. பிற்பகலில் கீழ்த்திசையிலிருந்து கடற்காற்று வரும்போது கதவுகளைத் திறந்து வைப்பதும் அவற்றுள் ஒன்று. மேற்குக் காற்று வலுத்த நாள்களில் கடற்காற்று வரத் தாமதமாகும்; அந்நாள்களில்தான் வெயில் நம்மை வாட்டுகிறது. பொறி வேண்டுவது அன்றைக்கே. ஆண்டு முழுதும் அன்று.

பொறியை ஓட்டும்போது எத்தனை டிகிரியில் வைப்பது? வெளியே 37 டிகிரி என்று கொள்வோம். அறையை 24இல் வைத்தால் வேறுபாடு 13. 18இல் வைத்தால் 19. அதாவது ஏற்றம் ஏறவேண்டிய உயரம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. உயரம் கூடக் கூட ஒவ்வொரு சாலுக்கும் உழைப்புக் கூடும். வெளிவெப்பம் சுவர் வழியே உள்ளே கசிவதும் கூடும். இரு வழியிலும் நட்டம். இந்தியாவில் நட்சத்திரச் சீட்டுப் பெறும் அறை ஏ.ஸி.கள் யாவும், இயக்கியவுடன் 24 டிகிரியிலேயே தொடங்குமாறு அமைந்திருக்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. 26இல் வைத்து, மேலே விசிறியையும் மெல்லச் சுழலவிட்டால் உடம்புக்கு இதமாகவே இருக்கும்.

நட்சத்திரச் சீட்டு என்றேன். அப்பணியகம் 2006இல் தொடங்கிய முறை அது. சீட்டில் நட்சத்திரங்களை மட்டும் எண்ணிவிட்டு வராதீர்கள். அளவுகோலை 2018இலும் 2022இலும் உயர்த்தினார்கள். 2022க்கு முன் ஐந்து நட்சத்திரம் பெற்றிருந்த பொறி அதன்பின் நான்காகக் குறைந்தது. ஆகையால் சீட்டில் உள்ள ஆண்டையும் பாருங்கள். அதில் 1,600 மணி நேரத்துக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்ற எண்ணும் இருக்கும். நாளுக்கு எட்டு மணி வீதம் 200 நாள் ஓட்டினால் 1,600 மணி. ஒரு பொறிக்கு 1,100 யூனிட், மற்றொன்றுக்கு 800 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 300. யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு 2,400 ரூபாய். இரண்டாவது பொறியின் விலை 9,600 ரூபாய் மிகுதியானாலும் நான்காண்டில் அந்தப் பணம் திரும்பிவிடும். ஆனால் ஆண்டில் ஐம்பதே இரவு ஓட்டும் வீட்டுக்கு அதே பணம் திரும்பப் பதினாறு ஆண்டாகும். ஒரே பொறி ஒரு வீட்டுக்கு இலாபமாகவும் மற்றொரு வீட்டுக்கு நட்டமாகவும் இருக்கலாம். விளம்பரம் இதனைச் சொல்லாது. நீங்கள் போடும் கணக்குத்தான் சொல்லும்.

இப்போது முன்பு சொன்ன நாலரை யூனிட்டுக்கு வருவோம். அது போய் விழும் இடம் எது? தியாகராய நகரில் ஒரு குறுகிய சந்து. ஒரு வீட்டார் தம் ஏ.ஸி.யின் வெளிப்பெட்டியை எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு நேராக மாட்டிவிட்டனர். ஏற்கெனவே அடுப்படியில் வெந்துகொண்டிருந்த அம்மாள்மேல் அந்த அனலும் வீசிற்று. "மாமி, ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்களேன்" என்றார் இவ்வீட்டு இளைஞர். "அடுப்பு எரியும்போது ஜன்னலைச் சாத்தினால் எனக்கு மூச்சு முட்டாதா, அப்பா?" என்றார் அந்த அம்மாள். இளைஞர் நல்லவர், அந்தக் கேள்விக்குப் பின் பெட்டியை மாடிக்கு மாற்றினார். மாற்றியதில் இன்னொரு நன்மையும் விளைந்தது. சந்தில் அனல் தேங்கி, அதே சூட்டுக் காற்றைத் திரும்பத் திரும்ப உள்வாங்கிய பொறி, திறந்த வெளிக்கு வந்தபின் குறைந்த மின்சாரத்தில் ஓடிற்று. அயலார்க்குச் செய்யும் நன்மை இங்கே பௌதிக விதிப்படி நமக்கே திரும்பி வருகிறது.

வெளிப்பெட்டி வைக்கும் இடத்தில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். காற்று தாராளமாகப் போய்வர வேண்டும். பழுது பார்க்க வருபவர் நின்று வேலை செய்யத் தக்க இடம் வேண்டும். நான்காம் மாடியில் ஜன்னல் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று வேலை செய்யுமாறு ஒருவரை ஏவ நமக்கு என்ன உரிமை இருக்கிறது? மூன்றாவது, சாந்தோமிலும் பெசன்ட் நகரிலும் கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரிக்கும். துருக்காப்புப் பூச்சுள்ள பொறியா என்று கேட்டு வாங்கி, அவ்வப்போது நல்ல நீரால் கழுவி வர வேண்டும்.

குழாய்க்குள் ஓடும் பொருளைப் பற்றியும் ஒரு சொல். அதனைக் 'கேஸ்' என்பார்கள். முன்னாளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன் என்னும் வகை வானத்து ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974இல் மொலினா, ரோலண்ட் என்ற அறிஞர்கள் எடுத்துரைத்தனர். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை ஏற்பட்டது. பின்வந்த பொருள்கள் சில பூமியை மிகுதியாகச் சூடாக்குவன என்று தெரிந்து, அவற்றைக் குறைக்க 2016இல் கிகாலியில் ஒரு திருத்தம் கண்டனர்; இந்தியா 2021இல் அதனை ஏற்றது. ஆர்-22 என்ற பொருள் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 1,800 மடங்கு வெப்பமூட்ட வல்லது. ஆர்-32 சுமார் 675 மடங்கு. ஆர்-290 எனப்படும் புரொப்பேனுக்கு அது பத்துக்கும் கீழே. ஆனால் புரொப்பேன் நம் அடுப்பு வாயுவின் இனத்தது, எளிதில் தீப்பற்றும். ஆதலால் பயிற்சி பெற்றவரே அதனைக் கையாளலாம். எந்தக் கேஸ் என்பது பெட்டியின்மேல் எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள்.

அந்தக் கேஸ் எரிபொருள் அன்று. ஓடி ஓடித் தீர்ந்துபோவதும் அன்று. மூடிய சுற்றில் பத்தாண்டாயினும் அப்படியே இருக்கும். "கேஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும்" என்று ஆண்டுதோறும் ஒருவர் சொன்னால், "எங்கே கசிகிறது? முதலில் அதை அடையுங்கள்" என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வி பல குடும்பங்களுக்குப் பணத்தை மிச்சப்படுத்தியிருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

அண்மைக் காலமாக ஹீட் பம்ப் என்ற பெயரிலேயே வெந்நீர்ச் சாதனங்களும் விற்பனைக்கு வந்துள்ளன. சுற்றிலுமுள்ள காற்றின் வெப்பத்தை இறைத்துத் தண்ணீரில் சேர்ப்பவை அவை. சாதாரண மின்கொதிகலத்துக்கு மூன்று யூனிட் வேண்டிய இடத்தில் இதற்கு ஏறத்தாழ ஒன்று போதும். நம் ஊர்க் காற்றே வெதுவெதுப்பானது. ஆகையால் ஏறவேண்டிய உயரமும் குறைவு. அப்படியானால் எல்லாரும் வாங்கிவிடலாமா? கணக்கைப் பார்ப்போம். நான்கு பேர், ஆளுக்கு 15 லிட்டர், ஆக 60 லிட்டர். நீரை 27இலிருந்து 40 டிகிரிக்கு உயர்த்த முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேல், சுமார் 0.9 யூனிட் வேண்டும். வெப்பப் பம்பில் 0.3. ஒரு நாளைக்கு மிச்சம் 0.6 யூனிட்; அதுவும் மார்கழி, தைக் குளிரில் மட்டும். சிறு குடும்பத்துக்கு அவ்வளவு விலையுள்ள சாதனம் கட்டுப்படியாகாது. நூறு மாணவர் உள்ள விடுதிக்கோ நாளொன்றுக்கு 15 யூனிட் மிச்சமாகும். விடுதிக்கும் மருத்துவமனைக்கும் அது மிக ஏற்றது. 'இது நல்ல சாதனமா?' என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. 'எங்கள் வீட்டுக்கு ஏற்றதா?' என்றே கேட்க வேண்டும்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் இப்பேச்சு எழும்போது பெரியவர்களோடு நீங்களும் உட்காருங்கள். ஓர் அளவு நாடா, ஒரு வெப்பமானி, ஒரு குறிப்பேடு இவை போதும். அறையை அளந்து, கூரையும் ஜன்னலும் எத்திசை நோக்கியவை என்று எழுதுங்கள். ஒரு வாரம் வெப்பத்தைக் குறியுங்கள். ஆண்டில் எத்தனை இரவு ஓட்டப் போகிறோம் என்று தாய் தந்தையரைக் கேளுங்கள். வெளிப்பெட்டி யார் ஜன்னலைப் பார்க்கும் என்று மாடியில் ஏறிப் பாருங்கள். அதன்பின் அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அப்பாவோடு கடைக்குப் போங்கள். கடைக்காரர் "எத்தனை டன்?" என்று கேட்கும்போது, அளந்தறிந்த விடை உங்கள் தாளில் இருக்கும்.